தேயிலைக்குள் பிறந்த சாமிகள்

தேயிலை ஸ்டோரின், அதாவது தோட்டத்துத் தேயிலை ஆலையின், பின்பக்கம், ஓடைத் தண்ணீர் இறங்கும் சரிவில், ஒரு கல் நட்டிருக்கும். முழ உயரம் இருக்கும். மஞ்சள் பூசிப் பூசி அதன் சொந்த நிறம் மறைந்திருக்கும். பக்கத்தில் ஒரு சூலம், அதன் முனையில் காய்ந்த எலுமிச்சம்பழம், அடியில் ஒரு சிட்டி விளக்கு. வெளியூரிலிருந்து வருகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். கோபுரமோ கூரையோ இல்லாத ஒன்றைக் கோயில் என்று கண் பிடிப்பதில்லை. தோட்டத்து ஆளிடம் கேட்டால் உடனே பெயர் சொல்வார்: ரோதை முனி.

ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், இலங்கையில் தமிழிலும் சிங்களத்திலும் தங்கிவிட்டது. தேயிலை ஆலைகள் பலவற்றை ஆரம்பத்தில் ஓட்டியது மலையோடையில் சுழன்ற தண்ணீர்ச் சக்கரம். அந்தச் சுழற்சி வார்ப்பட்டை வழியாக மேலே ஏறித்தான் கொழுந்தை உருட்டும் இயந்திரத்தையும் தூள் அரிக்கும் சல்லடையையும் அசைத்தது. பின்னால் எண்ணெய் எஞ்சின் வந்தது, மின்சாரம் வந்தது; ரோதை என்ற பேர் மட்டும் போகவில்லை. ஓடும் பட்டையில் சட்டை முனை மாட்டினால் கை போகும், சில வேளை ஆளே போகும். அந்தச் சக்கரத்தில் ஒரு முனி குடியிருக்கிறது, கவனிக்காமல் விட்டால் காவு கேட்கும் என்று அங்கே வேலை செய்தவர்கள் நம்பினார்கள். சேவல் அறுத்தார்கள். சுருட்டும் சாராயமும் வைத்தார்கள். காவு கேட்கிற சாமியே காவலுக்கும் நின்றது.

இலங்கையின் மலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் வழிபாட்டு மரபைப் பற்றிப் பேசும்போது, 'இந்தியாவிலிருந்து கொண்டு வந்தது' என்ற ஒரு வரியோடு முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பாதி உண்மை அது. மாரியம்மனும் மதுரைவீரனும் முனியாண்டியும் கறுப்பண்ணசாமியும் கடல் கடந்து வந்தவர்கள்தான். ஆனால் சேலத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ யாரும் ரோதை முனியைக் கும்பிட்டுவிட்டு வரவில்லை. அது இங்கே, இயந்திரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் பிறந்த சாமி. இப்படிப் பிறந்தவற்றை வந்தவற்றின் மிச்சமாகக் கணக்கெழுதுவதால்தான், நாம் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பது நமக்கே சரியாகத் தெரியாமல் இருக்கிறது.

வந்த வழி

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்கப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் போட்டார். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் கண்டியைச் சுற்றியிருந்த மலைக்காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி ஏறியது. தமிழகத்தின் சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிமார் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வருவார்கள். வழியில் வாந்திபேதி, காய்ச்சல், பசி. எத்தனையோ பேர் அந்த வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுடைய சாமி ஊரில்தான் இருந்தது, போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்துவிட, அதற்கு முன்பே, 1867இல், தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் நட்டிருந்த தேயிலை மலை முழுவதும் பரவியது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து வரும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அதே செடிக்குத் திரும்பிப் போக வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும், குடும்பம் வேண்டும், அவர்கள் தங்க லயம் என்ற வரிசை வீடுகள் வேண்டும். திரும்பிப் போகிற மனிதர் தங்கிவிடுகிற மனிதரானார். தங்கியவருக்குச் சாமியும் கூடவே இருக்க வேண்டியிருந்தது. சொந்த ஊர்க் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்து வழிபடுவது தமிழ் நாட்டுப்புறத்தின் பழைய வழக்கம். பிடிமண் என்பார்கள். மலைகளில் பெருகிய மாரியம்மன் கோயில்களின் அடியில் இருப்பது அந்த வழக்கம்தான்.

மன்னாரிலிருந்து நடந்து வந்த அந்தப் பாதையின் முடிவில் இருந்த ஊர் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அம்மைக்கும் வெப்பு நோய்க்கும் மழைக்கும் உரியவள் மாரி. காட்டு வழியில் பிழைத்து வந்தவர்கள் முதலில் நன்றி சொல்ல வேண்டியவள் அவள்தான். இன்றும் மாசி மகத்தில் அங்கே ஐந்து தேர் ஓடுகிறது. தூரத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் சனம் வந்து இறங்கும். 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் அந்தக் கோயிலும் தாக்கப்பட்டது. மக்கள் திரும்பவும் கட்டினார்கள். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து 2023 யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில்தான் முடிந்தது. செத்தவர்களின் வழியை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலால் தொட்டுப் பார்த்தார்கள்.

வந்தது சாமி மட்டுமில்லை, சாதியும் வந்தது. பெரிய கங்காணி எந்தச் சாதியோ அந்தச் சாதிக்குக் கோயிலில் முதல் மரியாதை. காளாஞ்சி அவர் கைக்கே போகும். லயங்களிலும் அந்தப் பிரிவினை இருந்தது. இதை மறைத்துவிட்டு மரபைக் கொண்டாடுவது, மரபைச் சுமந்தவர்களில் பாதிப் பேரை மறப்பதாகும். தப்பு என்ற வாத்தியத்தைப் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்புகிறேன்.

வேலையும் வழிபாடும்

தேயிலைச் செடியை அப்படியே விட்டால் மரமாகிவிடும். இடுப்பு உயரத்தில் அதை நிறுத்திவைப்பது கவ்வாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை மலையாகச் செடிகளைக் கீழே வரை வெட்டிவிடுவார்கள். இது ஆண்களின் வேலை. கவ்வாத்துக் கத்தி சவரக்கத்தி மாதிரித் தீட்டப்பட்டிருக்கும். ஒரே வீச்சில், வாது என்கிற கிளை பிளக்காமல், சாய்வாக வெட்ட வேண்டும். பிளந்தால் தண்ணீர் இறங்கி வாது அழுகிவிடும். சரிவிலே கால் வழுக்கினால் வெட்டு வாதில் விழாது, காலில் விழும். அதனால் கவ்வாத்துத் தொடங்கும் நாள், அந்த மலையில் இருக்கிற கவ்வாத்து சாமிக்குப் பூசை போட்ட பிறகுதான் முதல் செடி வெட்டப்படும். கத்தியையும் சாமிக்கு முன்னால் வைத்து எடுப்பார்கள். கோழியோ கிடாயோ வெட்டிச் சமைத்து எல்லோரும் அங்கேயே சாப்பிடுவார்கள்.

இதே தர்க்கம்தான் கொழுந்து சாமிக்கும். புது மலையில் கை வைக்கும்போது பெண்கள் 'பொலியோ பொலி' என்று சொல்லிக்கொண்டு முதல் கொழுந்தைக் கிள்ளுவார்கள். களத்துமேட்டில் நெல் தூற்றும்போது சொல்கிற சொல் அது. நெல்லைப் பொலி என்று வாழ்த்திய வாய், தன்னுடையதாக ஒருபோதும் ஆகாத தேயிலையையும் பொலி என்று வாழ்த்தியது. அதை நினைத்தால் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். கொழுந்து பெருகினால் இலாபம் வேறெங்கோ போகும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கை பட்ட பயிரை வாழ்த்தாமல் தொடுவதற்கு அவர்களுடைய வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை.

இந்தச் சாமிகளுக்குக் கோயில் வரலாறு எழுதப்படவில்லை, தலபுராணம் இல்லை. தோட்டத்தில் எழுதப்பட்டது ஒன்றே ஒன்று, செக்ரோல். யார் வேலைக்கு வந்தார், யாருக்கு அரைநாள் கணக்கான அரைப் பேர், யாருக்கு முழுப் பேர் என்பது அதில் இருக்கும். எந்த இடத்தில் ஆள் விழுந்தார், எந்த இயந்திரம் பயமுறுத்தியது, எந்தச் சரிவு வழுக்கியது என்பதையெல்லாம் தொழிலாளர் தாங்களே குறித்து வைத்த இடம் இந்தக் கற்கள். ஒரு தோட்டத்தின் சாமிக் கற்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று வரைபடம் போட்டுப் பார்த்தால், அந்தத் தோட்டத்தின் ஆபத்துகளின் வரைபடம் கிடைத்துவிடும்.

காமன் பொட்டல்

மலையகத்தின் பெரிய கூத்து எது என்று கேட்டால் யோசிக்காமல் காமன் கூத்து என்பேன். பொன்னர் சங்கர் உண்டு. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை அது, படுகளக் காட்சிக்காகவே சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். அருச்சுனன் தபசு உண்டு. உயரமான தபசு மரத்தைக் கைலாயமாக்கி, பாசுபதம் வேண்டி, பாடிக்கொண்டே ஏறுவார் அருச்சுனன் வேடக்காரர். இரண்டும் பெரியவை. ஆனாலும் ஒரு தோட்டம் முழுவதும் பாத்திரமாகிவிடுவது காமனில்தான்.

மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில் காமன் ஊன்றுவார்கள். அதற்கென்று ஒதுக்கிய வெளிக்குப் பேர் காமன் பொட்டல். அங்கே கம்பம் நட்டு, வைக்கோலும் வறட்டியும் சுற்றி, அதையே மன்மதனாக வைத்துத் தினமும் பூசை. மதன் வேடமும் ரதி வேடமும் போடுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதியும் ஆண்தான். கூத்து வாத்தியார் சொல்லிக் கொடுக்க, இரவு இரவாக ஆட்டமும் பாட்டும் நடக்கும். மேடை கிடையாது. லயத்து வாசல், ரோட்டுமுனை, கோயில் முன்றில் என்று எங்கே ஆட்டம் நிற்கிறதோ அதுதான் களம். பல தோட்டங்களில் ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நடத்தும்போது, ஊரே பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பிரிந்து நிற்கும்.

கதை தெரிந்த கதைதான். தக்கன் வேள்வியில் தாட்சாயணியை இழந்த சிவன் தவத்தில் அமர்ந்துவிட்டார். அசுரர் கொடுமை தாங்காத தேவர்களுக்குச் சிவனின் பிள்ளை வேண்டும். தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்ப முடிவெடுக்கிறார்கள். தூதன் ஓலையோடு வருகிறான். ரதி கெட்ட கனவு கண்டிருக்கிறாள். போகாதே என்று மன்றாடுகிறாள். மன்மதன் போகிறான், பூக்கணை விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது. பௌர்ணமி இரவில் காமன் பொட்டலில் கம்பம் எரியும். பிறகு ரதியின் புலம்பல்.

இதே கதையைத் தஞ்சைப் பக்கத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணியாக வாதாடுவார்கள். காமன் எரிந்தானா இல்லையா என்பதில் புலமைப் போட்டி. மலையகத்தில் நான் பார்த்தவரை அந்த வாதத்தில் யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. இங்கே உயிர்நாடி இரண்டு இடத்தில் இருக்கிறது: ஓலை வந்த பிறகு ரதியும் மதனும் வழக்காடும் இடம், எரிந்த பின் அவள் அழும் இடம். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. மன்மதனுக்கும் அந்தத் தவத்துக்கும் சம்பந்தம் இல்லை. மேலே இருக்கிறவர்களின் காரியத்துக்காக, மேலிடத்து உத்தரவில், தெரிந்தே சாவுக்குப் போகிறான். வீட்டில் ஒருத்தி போகாதே என்று மறிக்கிறாள். கங்காணியின் பேச்சை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த அழுகை இன்னொரு காலத்தில் இன்னொரு பொருளையும் எடுத்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போகிற ரயிலில் ஏறுகிறவர்களை வழியனுப்ப ஸ்டேசனில் திரண்ட கூட்டத்தின் அழுகையைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எங்கள் அப்பாயி அந்தக் காலத்துக் காமன் கூத்தை நினைத்து, "அந்த வருசம் ரதி அழுவுறப்ப பொட்டல்ல ஒருத்தர் கண்ணும் காயல" என்பார். கூத்து அதேதான். அழுதவர்களுக்குக் காரணம் கூடியிருந்தது.

நாட்காட்டியும் கொஞ்சம் விளக்கம் தருகிறது. தை, மாசியில் மேற்கு மலைச்சரிவுகளில் மழை குறைவு, இரவில் பனி, கொழுந்து சுருங்கிவிடும். வேலை நெருக்கடி தளர்கிற காலம். பதினைந்து இரவு கண் விழிக்க ஒரு தோட்டத்தால் முடியும் என்றால் அது அப்போதுதான். காமனை எரித்தால் மழை வரும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் இடிமழை வந்து, கொழுந்து தலை நிமிரும். பிள்ளை இல்லாதவர்கள் காமனுக்கு நேர்த்தி வைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். வளம் வேண்டும் என்பதுதான் இந்தச் சடங்கின் அடி ஆசை, செடிக்கும் வயிற்றுக்கும்.

தப்பு

காமன் கூத்தை நடத்துவது யார் என்றால், வாத்தியார் என்று சொல்வார்கள். உண்மையில் நடத்துவது தப்பு. வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, நெருப்பில் காட்டி முறுக்கேற்றி, இரண்டு குச்சியால் அடிக்கும் வாத்தியம். காமனுக்கு ஒரு அடி, தேருக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. தூரத்து லயத்தில் இருப்பவர் அடியைக் கேட்டே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். அதிகாலையில் பெரட்டுக்களத்துக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிடவும் இதே தப்புத்தான். பெரட்டுத் தப்பு என்பார்கள். இருட்டில் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடும் பெண்ணுக்கு அந்தச் சத்தம் அதிகாரத்தின் குரலாகக் கேட்டிருக்கும். இரவில் அதே வாத்தியம் சாமியை இறக்கியது. ஒரே தோலில் தோட்டத்துத் துரையின் உத்தரவும் அம்மனின் அருளும் பேசின.

அடித்த கையைச் சமூகம் எப்படி வைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியார் மேல் சுமத்தப்பட்ட வேலை இது. அவர்கள் அடிக்காமல் சாமி புறப்படாது, ஆனால் கோயிலுக்குள் அவர்களுக்கு இடம் வாசலோடு சரி. அந்த அவமானத்தைச் சுமக்க மாட்டோம் என்று பல இளைஞர்கள் தப்பைக் கீழே வைத்தார்கள். அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது நிலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. படித்த பிள்ளைகள், சாதி பார்க்காமல், மேடையிலும் ஊர்வலத்திலும் மலையகத்தின் அடையாளமாகத் தப்பைக் கையில் எடுக்கிறார்கள். ஆனால் பழைய அடிமுறைகள் முழுவதும் தெரிந்தவர்கள் பழைய கலைஞர்கள்தான். மேடைக்குப் போன தப்புக்குக் கிடைக்கிற மரியாதை லயத்தில் இருக்கிற அந்தக் கிழவருக்கும் கிடைக்கிற வரைக்கும், பாதி அடிகளைத்தான் நாம் கற்றுக்கொள்வோம்.

முன்பே இருந்த மலை

வந்தவர்கள் வெறும் மலைக்கு வரவில்லை. இந்த மலைகளுக்கு ஏற்கெனவே தெய்வங்கள் இருந்தன. கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையைச் சுற்றி நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி என்று நான்கு தேவாலயங்கள். எசல பெரஹரா என்ற ஊர்வலத் திருவிழாவில் தந்ததாதுப் பேழையைச் சுமந்த யானைக்குப் பின்னால் இந்த நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் வரும். பத்தினி நம் கண்ணகி. சிலப்பதிகாரம் கண்ணகிக்குச் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை அரசன் கயவாகு இருந்ததாகச் சொல்கிறது. சிங்கள மரபிலும் கஜபாகு மன்னனின் பேர் பத்தினியோடு சேர்ந்தே வரும். கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள் மதுரையோடு உறவுள்ள நாயக்க வம்சத்தவர். அவர்களில் கீர்த்தி சிறி இராஜசிங்கன்தான் பௌத்தத்துக்குப் புத்துயிர் கொடுத்தவர் என்று கொண்டாடப்படுகிறார். ஆக, கோப்பிக்கு முன்பே இந்த மலைக்கும் தமிழுக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. ஆனால் அது அரண்மனையின் பேச்சு. லயத்து மனிதருக்கு அதில் பங்கு இருக்கவில்லை.

அவர்கள் உரிமையோடு ஏறிய மலை சிவனொளிபாதம். 2,243 மீற்றர். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை பருவம். உச்சியில் இருக்கும் பாதச்சுவடு பௌத்தர்களுக்குப் புத்தருடையது, சைவர்களுக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபியுடையது. 14ஆம் நூற்றாண்டில் பயணி இப்னு பதூதா ஏறிவிட்டுப் போய் எழுதியிருக்கிறார். மலையைக் காக்கும் தெய்வம் சமன். மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வரை பாதை முழுவதும் தேயிலைத் தோட்டங்களுக்குள்தான் போகிறது. பருவம் தொடங்கினால் படிகளில் ஏற்றிய விளக்குகள் இருட்டில் வானத்துக்கு ஏணி வைத்த மாதிரி லயத்து வாசலிலிருந்தே தெரியும். அந்தப் பாதம் யாருடையது என்று பக்கத்துத் தோட்டங்களில் சண்டை பிடித்து நான் கேட்டதில்லை. ஏறுகிற சிங்களக் கிழவிக்கும் இறங்குகிற தமிழ்க் கிழவிக்கும் முழங்கால் வலி ஒன்றாகத்தான் இருக்கிறது.

காணியும் கொங்கிரீட்டும்

தோட்டத்துத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அதன் செலவு எப்படி வருகிறது என்று தெரிந்திருக்காது. சம்பளத்தில் பிடிப்பார்கள். தொழிற்சங்கச் சந்தா, மரணச் சங்கம், சலவைக்காரர், முடிதிருத்துபவர் என்று பிடித்த வரிசையில் கோயில் பணமும் ஒன்று. நாட்சம்பளத்தில் கிள்ளிக் கொடுத்த காசில்தான் காப்புக் கட்டி, கரகம் பாலித்து, தீ மிதித்து, காவடி எடுத்து, தேர் இழுத்து, கடைசி நாள் மஞ்சள் நீர் விளையாடி முடிக்கிறார்கள். வெளியூரில் கொழும்புக் கடையில் நிற்கிற பிள்ளைகளெல்லாம் தீபாவளிக்கு வராவிட்டாலும் தேருக்கு வந்துவிடுவார்கள்.

இத்தனை காசு போட்டும் கோயில் நிற்கிற நிலம் அவர்களுடையதில்லை. காணி தோட்டத்துடையது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் போனது. இந்த மாற்றங்களில் எதிலும் லயத்துக்கோ கோயிலுக்கோ காணி உறுதிப் பத்திரம் கிடைக்கவில்லை. ஒரு கல்லும் சூலமும் மரநிழலும் போதும் என்ற வழிபாடு இவ்வளவு காலம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உறுதி இல்லாத மண்ணில் அதற்கு மேல் ஊன்ற முடியாது.

கடந்த சில பத்தாண்டுகளில் கல் இருந்த இடங்களில் கொங்கிரீட் விமானங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. ஆகம முறையில் குடமுழுக்கு, குருக்கள், சமஸ்கிருத மந்திரம். பலி நின்றது. மாரியம்மன் கருவறைக்குள் போனாள். முனி மதிலுக்கு வெளியே போனது. இதில் மக்களின் ஆசை இருக்கிறது, அதை இழிவாகப் பேசக்கூடாது. தகரக் கூரைக்குள் சாமியை வைத்திருந்தவர்களுக்கு, எங்களுக்கும் கோபுரம் உண்டு என்று சொல்வது தன்மானம். ஆனால் எங்கள் தோட்டத்தில் திருப்பணி நடந்தபோது, பழைய கல் ஒன்று அத்திவாரத்துக்குள் போய்விட்டது. எந்தச் சாமி என்று பொறுப்பாக நின்றவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே கிழவி அன்று சுகமில்லாமல் படுத்திருந்தார். பிறகு வந்து பார்த்து, கவ்வாத்து சாமியைக் காணவில்லை என்று அழுதார். கோயில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த அத்திவாரத்தை மிதிக்கும்போது எனக்கு மனம் கூசும்.

சுற்றுலாவும் தன் பங்குக்குத் தேர்ந்தெடுக்கிறது. நுவரெலியாவிலிருந்து ஹக்கலைக்குப் போகிற வழியில் சீதாஎலிய அம்மன் கோயில். அசோகவனம் இதுதான் என்று இந்தியாவிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். றம்பொடையில் அனுமார் கோயில். இரண்டும் நல்ல கோயில்கள், நானும் கும்பிட்டிருக்கிறேன். என் மனக்குறை வேறு. அந்தப் பஸ்கள் தாண்டிப் போகிற ஒவ்வொரு தோட்டத்திலும் நூறு ஆண்டு வேலையின் சாட்சியாக ஒரு சாமி நிற்கிறது. இராமாயணத்துக்கு வழிகாட்டிப் பலகை இருக்கிறது, ரோதை முனிக்கு இல்லை.

பட்டியல்களிலும் அப்படித்தான். யுனெஸ்கோவின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இலங்கையின் கயிற்றுப் பொம்மலாட்டம் 2018இல் சேர்ந்தது. 2021இல் கண்டிக்குப் பக்கத்துத் தும்பறைப் பாய் நெசவு சேர்ந்தது. ஒரு சிறு சமூகம் கைவிடாமல் காத்த தொழில், அதற்கு அந்த இடம் தகும். மத்திய மலைநாட்டின் காடுகளும் சிவனொளிபாத வனமும் 2010இல் இயற்கை மரபாக அறிவிக்கப்பட்டன. காமன் கூத்தை யாரும் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்தவில்லை. கொண்டுபோக வேண்டுமானால் முதலில் ஆவணம் வேண்டும்: எந்தத் தோட்டத்தில் எந்தப் பாட்டு, எந்த அடி, எந்த வாத்தியாரிடம் படித்தது என்று. எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் கூத்தை எழுதியும் படம் பிடித்தும் வைத்திருக்கிறார்கள். தோட்டங்களின் எண்ணிக்கைக்கு முன்னால் அது கைப்பிடி அளவு.

கண்டி ஹந்தானையில் ஒரு தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய உருட்டு இயந்திரங்களும் எஞ்சின்களும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. டெய்லரின் பொருட்களும் உண்டு. கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் இன்னொன்று, ஒரு லயத்துக்குள்ளேயே அமைத்த தொழிலாளர் அருங்காட்சியகம். அங்கே கூடையும் கவ்வாத்துக் கத்தியும் தப்பும் இருக்கின்றன. முதலாவதைப் பார்த்தால் தேயிலை எப்படி ஆனது என்று தெரியும். இரண்டாவதைப் பார்த்தால் யாரால் ஆனது என்று தெரியும். பிள்ளைகளை இரண்டுக்கும் கூட்டிப் போங்கள், ஆனால் இரண்டாவதில் அதிக நேரம் நில்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டோர் மூடி ஆண்டுகள் ஆகின்றன. இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். கண்ணாடி உடைந்த ஜன்னல்களுக்குள் புறா அடைகிறது. சக்கரம் இருந்த குழியில் கற்பூரவள்ளியும் புல்லும் வளர்ந்து கிடக்கிறது. அங்கே ரோதை ஓட்டிய ஒருவர் ஓய்வெடுத்த பிறகும் வெள்ளிக்கிழமை சாயந்தரம் போவார். கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, விளக்கேற்றிவிட்டு வருவார். "ரோதையே இல்லையே, இன்னும் எதுக்கு மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ரோதைதான் போச்சு, தம்பி. இது எங்க போகும்? இது இங்கயே பொறந்த சாமி."

தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு அவர் இறங்கத் தொடங்கினார். மேலே மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.